இப்ப எதுக்கு டிமாண்ட்?

பொறியியல் முடித்த பிள்ளைகள் எங்கள் காலனிப் படிப்பகத்துக்கு வந்ததும் முதலில் கேட்பது, “அக்கா, இப்ப எதுக்கு டிமாண்ட்?” என்றுதான். நான் படித்தது சமூகவியல். புரோகிராம் எழுதத் தெரியாது. என்னிடம் வந்து கேட்கிறார்கள் என்றால் கேட்க வேறு ஆள் இல்லை என்று பொருள். சில வீடுகளில் இதற்கான பதில் சாப்பிடும்போதே கிடைத்துவிடும், சித்தப்பா ஓ.எம்.ஆரில் இருப்பார், மாமா மகள் பெங்களூரில் இருப்பாள். நம் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அதே பதிலைப் பயிற்சி மையங்கள் காசுக்கு விற்கின்றன.

போன வருடம் ஒரு தம்பி அப்படியொரு நோட்டீஸோடு வந்தான். ஃபுல் ஸ்டாக், கிளவுட், ஏஐ எல்லாம் 6 மாதத்தில், வேலை உறுதி, கட்டணம் 60,000 ரூபாய். தூய்மைப் பணி செய்யும் அவன் அம்மா மகளிர் குழுவில் கடன் கேட்டிருந்தார். கட்டுவதற்கு முன் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன்.

அந்த வாரம் முழுக்க எண்ணினோம், அவ்வளவுதான். நௌக்ரியிலும் லிங்க்ட்இன்னிலும் சென்னையில் புதியவர்களுக்கென்று வந்த வேலை விளம்பரங்களை மட்டும் எடுத்தோம். அனுபவம் கேட்டவற்றைத் தள்ளினோம். ஒவ்வொன்றிலும் கேட்கும் ஸ்கில்லை நோட்டில் எழுதி, அது மறுபடி வரும்போதெல்லாம் ஒரு கோடு போட்டோம். ஜாவாவுக்கும் எஸ்க்யூஎல்லுக்கும் கோடுகள் நிறைந்தன. அடுத்து ஸ்பிரிங் பூட், கிட், ரியாக்ட். நோட்டீஸில் பெரிய எழுத்தில் இருந்த ஏஐ, எங்கள் நோட்டில் அபூர்வமாகத்தான் வந்தது.

ஜாவா அவனுக்குக் கல்லூரியிலேயே ஓரளவு வரும். ஆக, அவன் புதிதாகப் படிக்க வேண்டியது மலையளவு இல்லை. எஸ்க்யூஎல், கிட், ஸ்பிரிங் பூட் மூன்றுக்கும் இணையத்தில் இலவசப் பாடங்கள் இருக்கின்றன. என்பிடெல் பாடங்களையும் காசில்லாமல் பார்க்கலாம். தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டமும், தாட்கோவின் திறன் பயிற்சிகளும் நமக்காகத்தான் இருக்கின்றன, விசாரியுங்கள். அவனுக்கு உண்மையான தடை லேப்டாப். படிப்பகத்தின் பழைய கணினியை மாலை 6 மணிக்கு மேல் அவனுக்கென்று ஒதுக்கினோம்.

யூடியூபைப் பார்த்து எல்லோரும் செய்யும் அதே புராஜெக்டை அவன் செய்யவில்லை. அம்மாவின் குழு நோட்டை எடுத்துக்கொண்டான். யார் எவ்வளவு சேமித்தார், யாருக்கு எவ்வளவு கடன், வட்டி என்ன, தவணை எப்போது என்று கணக்கு வைக்கும் செயலி. இந்த டேபிளை ஏன் தனியாகப் பிரித்தாய் என்று கேட்டால் அரைமணி நேரம் பேசுவான். கடன் வாங்கிய அக்காக்கள் எல்லோரையும் அவனுக்குத் தெரியுமே!

ஸ்கில் இருந்தால் போதும், ஐ.டி.யில் சாதியில்லை என்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் தனியார் நிறுவனங்களின் விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியோடு பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. 2007இல் வெளியான ஆய்வு அது. தனியார் துறையில் இடஒதுக்கீடும் இல்லை. அதனால் எந்தக் கதவை முதலில் தட்டுவது என்பதும் திட்டத்தில் வர வேண்டும். டிசிஎஸ்ஸின் என்க்யூடி போல, ஜோஹோவின் புரோகிராமிங் சுற்றுகள் போல, தேர்வு வைத்து வடிகட்டும் இடங்களை அவன் பட்டியலில் மேலே வைத்தோம். அங்கே விடைத்தாளுக்கு ஊர் எது, தெரு எது என்று தெரியாது.

நேர்முகத்தில் தெரிந்துவிடும். ஒரு நிறுவனத்தில் தேர்வில் தேறியவனிடம் “ஊர்ல எந்தப் பக்கம் தம்பி?” என்று கேட்டார்கள். பிறகு அழைப்பு வரவில்லை. அதற்குப் பின் 4 மாதம் விண்ணப்பித்தான். கடைசியில் வேலை கிடைத்தது ஒரு சின்ன நிறுவனத்தில். நம் காலனியிலிருந்து படித்துப் போய் அங்கே வேலை செய்யும் ஒரு தங்கை ரெஃபர் செய்தாள்.

இதைப் படிக்கிறவர்களில் ஐ.டி.யில் இருக்கும் தோழர்கள் இருந்தால் ஒன்று கேட்கிறேன். உங்கள் நிறுவனத்தில் ரெஃபரல் எப்போது திறக்கிறது, புதியவர்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று உங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள். எங்கள் நோட்டில் இன்னும் பக்கங்கள் இருக்கின்றன.