மிக்ஸிப் பெட்டிக்குள் ஓர் உலகம்

"பூஜை விடுமுறை வருகிறது. குழந்தைகளோடு சேர்ந்து காகிதத்தில் ஏதாவது செய்வதைப் பற்றி எழுதுங்களேன்!" என்றார் எங்கள் ஆசிரியர்.

"ஆகட்டும், ஸார்!" என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் கவலை. காகிதக் கப்பல், காகிதக் கொக்கு, காகித ரோஜா இவற்றைப் பற்றி எழுதாத பத்திரிகை உண்டா? உங்களுக்குத் தெரியாததை நான் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறேன்?

கடைசியில் விஷயம் எங்கே கிடைத்தது தெரியுமா? கொலுப் பெட்டிக்குள்!

அப்பா காலமான பிறகு அம்மா கும்பகோணத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு என்னோடு சென்னைக்கு வந்துவிட்டாள். கூடவே அவளுடைய பச்சை டிரங்குப் பெட்டியும் வந்தது. கொலுவுக்கு மூன்று வாரம் இருக்கும்போதே, பொம்மைகளுக்கு வர்ணம் பூச வேண்டியிருக்குமோ என்று பரணிலிருந்து அதை இறக்கினேன். பழைய வேஷ்டித் துணியில் சுற்றியிருந்த பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். செட்டியார் வந்தார், செட்டியாரம்மாள் வந்தாள், மூக்கு உடைந்த கிருஷ்ணன் வந்தான். எல்லாவற்றுக்கும் அடியில் தட்டையாக ஒரு பொட்டலம். பிரித்தால், மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் சமாசாரம்!

முப்பதைத் தாண்டிய வாசகிகள் இதற்குள் புரிந்துகொண்டு சிரித்திருப்பார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அது டி.வி. கேம் காஸெட். ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனி 1983-ல் 'ஃபேமிகாம்' என்று ஒரு விளையாட்டு யந்திரத்தை வெளியிட்டது. அதைப் பார்த்து யார் யாரோ செய்த மலிவான நகல்கள் பிற்பாடு நம் ஊர்க் கடைகளுக்கும் வந்து சேர்ந்தன. அதை டி.வி.யோடு இணைத்து, காஸெட்டைச் செருகி, ஆளுக்கொரு ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் லீவு நாள் போவதே தெரியாது.

எனக்குக் கிடைத்த காஸெட்டில் இருந்த ஆட்டம் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்'. 1985-ஆம் வருஷம் செப்டம்பரில் ஜப்பானில் வெளிவந்தது. தொப்பியும் மீசையுமாக ஒரு குள்ள மனிதர். சிறைபட்ட இளவரசியைத் தேடி ஓடுகிறார், குதிக்கிறார், குழியில் விழுகிறார். அவ்வளவுதான் கதை.

"இதில் என்னம்மா இருக்கு?" என்று கேட்டாள் என் ஒன்பது வயதுப் பெண். போட்டுக் காட்ட யந்திரம் இல்லை. யந்திரம் எங்கே போயிற்று என்கிறீர்களா? பிறகு சொல்கிறேன். கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய கதை அது. அதனால் செல்போனில் அந்த ஆட்டத்தைத் தேடி எடுத்துக் காட்டினேன். இரண்டு நிமிஷம் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இவ்வளவுதான் இல்லை. காகிதத்தில் கட்டிக் காட்டுகிறேன், பார்!" என்றேன்.

★

ஒரு காட்சியைப் பெட்டிக்குள் சின்னதாகக் கட்டி நிறுத்துவதற்கு 'டயோரமா' என்று பெரிய பெயர் இருக்கிறது. பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். கொலுப் படிக்குப் பக்கத்தில் மணலைக் கொட்டி, கேழ்வரகை முளைக்கப் போட்டுப் புல்தரையாக்கி, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக வைத்துப் 'பார்க்' கட்டுகிறோமே, அதன் உடன்பிறப்புத்தான் இது!

செலவும் அதிகம் இல்லை. மிக்ஸி வந்த அட்டைப் பெட்டி ஒன்று, பழைய கல்யாணப் பத்திரிகைகள், வர்ணக் காகிதம், கிராஃப் தாள், ஸ்டீல் ஸ்கேல், கட்டர், பசை, எழுதித் தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனா. தீர்ந்த பேனா எதற்கென்று பின்னால் தெரியும்.

அந்தக் காலத்து ஆட்டங்களில் படமெல்லாம் சின்னச் சின்னச் சதுரங்களால் ஆனது. ஃபேமிகாம் திரையில் குறுக்கே 256 சதுரம், நெடுக்கே 240. குறுக்குத் தையலில் தலையணை உறை போட்டவர்களுக்கு இந்தக் கணக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு சதுரத்துக்கு 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். ஒரு செங்கல்லுக்கு 16 சதுரம். ஆகவே 32 மி.மீ. ஆட்டத்தின் ஆரம்பத்தில் கேள்விக்குறி போட்ட பெட்டி ஒன்று தனியாக வரும். சற்றுத் தள்ளி, செங்கல்லும் கேள்விக்குறிப் பெட்டியும் மாறி மாறி ஐந்து. அந்த வரிசையின் நடுவுக்கு நேர் மேலே இன்னொரு பெட்டி. இந்த இடம் முழுவதும் ஒன்பது செங்கல் அகலம், அதாவது 288 மி.மீ. மிக்ஸிப் பெட்டிக்குள் கச்சிதமாக அடங்கிவிட்டது.

ஒரு செங்கல் செய்யச் சிலுவை வடிவத்தில் ஆறு சதுரம் வரைந்து, ஒட்டுவதற்கு ஓரம் விட்டு வெட்ட வேண்டும். மடிப்பு விழும் கோட்டில் ஸ்கேலை வைத்து, தீர்ந்த பேனாவால் அழுத்தி ஒரு கோடு இழுத்துவிட்டால் அட்டை கத்தி மாதிரி மடியும். நான் முதலில் சிக்கனமாக இருக்கட்டும் என்று மைதாப் பசை காய்ச்சினேன். ஈரத்தில் ஊறி, செங்கல்லெல்லாம் கொழுக்கட்டை ஆகிவிட்டது! பிறகு ஃபெவிகாலை ஈர்க்குச்சியால் தொட்டுத் தொட்டு மெல்லிசாகத் தடவினேன், சரியாக வந்தது.

பெரிய சங்கடம் இனிமேல்தான். மாரியோவின் உலகத்தில் செங்கல்லெல்லாம் அந்தரத்தில் நிற்கிறது! நூல் கட்டித் தொங்கவிட்டேன். மின்விசிறிக் காற்றில் ஊஞ்சல் ஆடிற்று. அப்போது என் கணவர் புதுச் சட்டை ஒன்றைப் பிரித்தார். காலருக்குள் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் பட்டை இருக்குமே, அது கீழே விழுந்தது. அதை வெட்டி ஒரு முனையைப் பெட்டியின் பின்சுவரிலும் மறு முனையைச் செங்கல்லின் முதுகிலும் ஒட்டினேன். முன்னாலிருந்து பார்த்தால் பட்டை தெரியவே இல்லை. அன்று முதல் எங்கள் தெருவில் யார் புதுச் சட்டை வாங்கினாலும் எனக்குப் பங்கு உண்டு.

பின்னால் ஆகாயம்; இரண்டு விரற்கடை முன்னே குன்று; அதற்கும் முன்னே புதர்; எல்லாவற்றுக்கும் முன்னால் பாதை. நாலு அடுக்கு நின்றதும் தட்டைப் படத்துக்கு ஆழம் வந்துவிட்டது. மாரியோவையும் ஒரு பட்டையில் ஒட்டி, கேள்விக்குறிப் பெட்டியை நோக்கி எம்பிக் குதிக்கும் நிலையில் நிறுத்தினேன். தலை முட்டுவதற்கு இன்னும் ஒரு விரற்கடைதான் பாக்கி.

★

மின்சார விளையாட்டைக் காகிதத்தில் கட்டுவது பைத்தியக்காரத்தனமோ என்று நடுநடுவே தோன்றாமல் இல்லை. புரட்டிப் பார்த்தால், காகிதம்தான் அங்கே முதலில் இருந்திருக்கிறது! நிண்டெண்டோ 1889-ல் கியோட்டோ நகரத்தில் ஃபுஸாஜிரோ யமவுச்சி என்பவர் ஆரம்பித்த கடை. அப்போது அது செய்து விற்றது 'ஹனஃபூடா' என்ற பூப்படச் சீட்டுக்கட்டு. அதற்கும் முன்னாலேயே ஜப்பானில் 'தாதேபாங்கோ' என்று ஒரு வழக்கம் இருந்தது. கபுகி நாடகக் காட்சிகளின் துண்டுகளை எல்லாம் தாளில் அச்சிட்டு விற்பார்கள். வாங்கிப் போய் வெட்டி, மடித்து, ஒட்டி நிறுத்தினால் வீட்டிலேயே சின்ன நாடக மேடை! ஹொகுசாய் போன்ற மகா சித்திரக்காரரே இப்படி வெட்டி ஒட்டும் படங்கள் வரைந்து கொடுத்திருக்கிறார். ஆகவே, நான் செய்தது பெண்ணைப் பிறந்த வீட்டுக்குக் கொண்டு போய் விட்ட மாதிரிதான்.

வேறொன்றும் மனசில் பட்டது. அந்த ஆட்டத்தில் ஓர் இடத்தில் நின்று நிதானமாகப் பார்க்க முடியாது. மூலையில் 400 என்று ஆரம்பிக்கும் எண் குறைந்துகொண்டே வரும். திரை வலது பக்கமாகவே நகரும். தாண்டிவிட்ட இடத்துக்குத் திரும்பிப் போக வழியே கிடையாது. விளையாடும்போது ஐந்து விநாடியில் ஓடிக் கடந்துவிடும் இடத்தைக் கட்ட எனக்குப் பதினொரு சாயங்காலம் பிடித்தது. அந்தப் பதினொரு சாயங்காலமும் என் மனசு கும்பகோணத்து வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தது.

பிறகு சொல்கிறேன் என்றேனே, அந்தக் கதைக்கு வருகிறேன்.

அது 2004-ஆம் வருஷம். எனக்குப் பதினாறு வயது, தம்பிக்குப் பன்னிரண்டு. அந்த ஆட்டத்தில் எட்டு உலகங்கள்; ஒவ்வொன்றிலும் நாலு கட்டம். ஏழு உலகங்களின் முடிவிலும் இளவரசி இருக்க மாட்டாள்; எட்டாவதில்தான் இருப்பாள். நான் நாலாவதைத் தாண்டியதே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பி எட்டாவதை எட்டிவிட்டான்!

"அக்கா, ஓடி வா! அக்கா, வந்து பாரேன்!" என்று கத்தினான்.

நான் பௌதிகப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, காதில் விழாததுபோல் இருந்தேன். சற்றைக்கெல்லாம் கரண்ட் போய்விட்டது. விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கும் வசதி அந்த ஆட்டத்தில் இல்லை. எல்லாம் போயிற்று. அவன் சிரித்துக்கொண்டே, "நாளைக்கு உனக்குக் காட்டறேன், அக்கா!" என்றான்.

மறுநாள் அவன் பள்ளிக்கூடம் போன பிறகு அம்மாவிடம் சொன்னேன்: "இவன் போடும் சத்தத்தில் என்னால் படிக்கவே முடியவில்லை." படிக்கிற பெண் சொன்னால் எந்த அம்மாதான் நம்பமாட்டாள்? அன்று மத்தியானமே பாத்திரக்காரன் வந்தான். யந்திரம் போயிற்று, எவர்சில்வர் அடுக்கு வந்தது.

சாயங்காலம் தம்பி வந்தான். டி.வி.யின் அடியில் குனிந்து பார்த்தான். அழவும் இல்லை, யாரையும் ஒன்றும் கேட்கவும் இல்லை. என் படிப்புக்கு அந்த யந்திரம் ஒரு நாளும் இடைஞ்சலாக இருந்ததில்லை, வாசகர்களே! அவன் என்னைத் தாண்டிப் போனதுதான் இடைஞ்சல்.

அதற்காக எங்களுக்குள் சண்டை என்று ஒன்றும் கிடையாது. அவன் புனாவில் உத்தியோகம் பார்க்கிறான். போன் செய்தால், "நன்னா இருக்கியா அக்கா?" என்பான். "இருக்கேன்டா. இதோ, அம்மாகிட்டே தரேன்" என்பேன். வருஷக்கணக்காக அவ்வளவுதான் பேச்சு.

★

கும்பகோணத்து வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சென்ற சனிக்கிழமை அவன் வந்தான். கூடத்து மேஜையில் பெட்டி இருந்தது. பைகூடத் தோளிலிருந்து இறங்கவில்லை, குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"அக்கா, காளான் இதிலே இல்லே. இடது பக்கத்துக் கேள்விக்குறியிலே."

நான் வலது பக்கத்துப் பெட்டியின் மேல் காளானை ஒட்டியிருந்தேன்.

"அப்புறம், மேகத்தையும் புதரையும் ஏன் வேறே வேறே மாதிரி வெட்டினே? ரெண்டும் ஒரே படம்தான். வெள்ளை அடிச்சா மேகம், பச்சை அடிச்சா புதர்."

செல்போனில் வைத்துப் பார்த்தேன். நிஜம்தான்! மொத்த ஆட்டமுமே வெறும் 40 கிலோபைட்டில் அடங்க வேண்டியிருந்ததாம். அதனால் ஒரே படத்தை இரண்டு வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். கிழிந்த புடவையே தூளியாகவும் தலையணை உறையாகவும் மாறுவதை நம் அம்மாக்களிடம் பார்க்கவில்லையா?

சாப்பாடு ஆனதும் தம்பி கட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். என் பெண் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டாள். நான் பச்சைக் காகிதத்தை நீட்டினேன். அம்மா உள்ளேயிருந்து மஞ்சள் காஸெட்டை எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தாள்.

"பாத்திரக்காரன் இது வேண்டாம்னு திருப்பிக் கொடுத்துட்டான். உன் கண்ணிலே பட்டா மனசு கஷ்டப்படுமேன்னு பொம்மையோட சுத்தி வெச்சேன். வருஷா வருஷம் பிரிச்சுப் பார்த்துட்டுத் திரும்பவும் வெச்சுடுவேன்" என்றாள்.

அப்போதுதான் சொன்னேன். பௌதிகப் புத்தகத்தையும், காதில் விழாததுபோல் இருந்ததையும், மறுநாள் அம்மாவிடம் சொன்னதையும், எல்லாவற்றையும் சொன்னேன். கட்டர் நின்றது.

"காலேஜ் ஹாஸ்டல்லே கம்ப்யூட்டர்லே ஆடி முடிச்சேன், அக்கா" என்றான், தலையை நிமிர்த்தாமல். "இளவரசி வந்தா. உடனே பக்கத்திலே திரும்பிப் பார்த்தேன். காட்டறதுக்கு யாருமில்லே."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவன் வெட்டிய புதரை எடுத்துக் குன்றுக்கு முன்னால் நிறுத்தினான். தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். பிறகு சொன்னான்:

"எட்டாம் உலகத்துக்கு இந்தப் பெட்டி போதாது. கோட்டை, பாலம், நெருப்பு எல்லாம் வரணும். கிரைண்டர் வந்த பெட்டி இருக்கா?"

"ஐயையோ! அதை நேத்துத்தானே பழைய பேப்பர்காரன்கிட்டே போட்டேன்!" என்றாள் அம்மா.

நாலு பேரும் சிரித்த சிரிப்பில் அந்தரத்துச் செங்கல்லெல்லாம் ஆடிப்போயிற்று.

இந்த வருஷம் எங்கள் கொலுவில் பார்க்குக்குப் பதிலாக மாரியோதான். தம்பி விஜயதசமி வரைக்கும் லீவு சொல்லியிருக்கிறான். வாசகிகளே! உங்கள் வீட்டில் பெரிய அட்டைப் பெட்டி ஏதாவது இருந்தால், தயவு செய்து அவசரப்பட்டுப் பேப்பர்காரனிடம் போட்டுவிடாதீர்கள்!