வெள்ளி கறுத்த நீர்

டிசம்பர் 19, 2024. டோக்கியோ, நிஷி கசாய்

அப்பாவின் வருஷத் திதி முடிந்த மறுவாரமே நண்பன் போனில் பிடித்துக்கொண்டான். "இன்னும் என்ன சாக்கு சொல்லப் போற? கிளம்பி வாடா." திருத்தணியில் எட்டாம் வகுப்பிலிருந்து நாங்கள் ஒரே பெஞ்சு. 2000-ஆம் ஆண்டுக் கணினிக் கோளாறைச் சரிசெய்ய வந்த இந்தியப் பொறியாளர்கள் எடோகவா வட்டாரத்தின் இந்தப் பகுதியில் குடியேறினார்கள். இவன் சில வருஷம் கழித்து வந்து இங்கேயே தங்கிவிட்டான்.

அவன் மனைவிக்குச் சொந்த ஊர் நகரி. எங்கள் ஊருக்கும் நகரிக்கும் நடுவே இன்று மாநில எல்லை ஓடுகிறது. 1960 ஏப்ரல் 1-க்கு முன் இரண்டும் ஆந்திராவின் சித்தூர் மாவட்டம்தான். "அன்னய்யா, ரசம் இன்னும் கொஞ்சம்?" என்று அவள் கேட்டபோது டோக்கியோவுக்கு வந்த நினைப்பே போய்விட்டது. இரண்டு வருஷமாக ஒரே மூச்சில் தூங்கியதில்லை. இன்று ஒன்பது மணி நேரம் தூங்கியிருக்கிறேன்.

டிசம்பர் 21, சனி

ஊரில் இருந்தால் நல்லெண்ணெய் தேய்த்துக்கொள்ளும் நாள். இங்கே வருஷத்தின் மிகக் குறுகிய பகல். ஜப்பானியர் இதைத் 'தோஜி' என்கிறார்கள். யுசு என்று எலுமிச்சை ஜாதிப் பழம் ஒன்று. இன்றைக்கு அதை வெந்நீரில் மிதக்கவிட்டுக் குளித்தால் குளிர்காலம் முழுக்கச் சளி அண்டாது என்பது நம்பிக்கை.

சாயங்காலம் நண்பன் தெருக்கோடியில் இருக்கும் சென்தோவுக்கு அழைத்துப் போனான். சென்தோ என்றால் ஊர்ப் பொதுக் குளியல்வீடு. கட்டணம் 550 யென், நம் கணக்கில் ஏறக்குறைய 300 ரூபாய். எந்த சென்தோவுக்குப் போனாலும் டோக்கியோ முழுக்க இதே கட்டணம்தான். போருக்குப் பின் 1946-இல் வந்த விலைக்கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் இன்னும் அரசுதான் இதை நிர்ணயிக்கிறது. அரிசிக்கும் துணிக்கும் எப்போதோ விலகிவிட்ட கட்டுப்பாடு குளியலுக்கு மட்டும் நிற்கிறது. ஏழையும் குளித்தாக வேண்டும் என்று ஒரு அரசு நினைத்ததை நான் மதிக்கிறேன்.

உடை மாற்றும் அறையில் எல்லாரும் பிறந்தமேனி. நீரில் அம்மணமாக இறங்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். பம்புசெட் தொட்டியில்கூட அரைக்கால் சட்டை இல்லாமல் இறங்கியதில்லை. துண்டைப் பிடித்தபடி நின்றேன். "யாரும் பாக்க மாட்டாங்கடா" என்றான் நண்பன். உண்மைதான், ஒருவரும் பார்க்கவில்லை. இடுப்பில் அப்பா வாங்கிப் போட்ட வெள்ளி அர்ணாக்கொடி இருந்தது. கொடி இருந்தால் அம்மணம் இல்லை என்பாள் பாட்டி. அதை நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

குட்டை முக்காலியில் உட்கார்ந்து மஞ்சள் பிளாஸ்டிக் கிண்ணத்தில் நீர் மொண்டு, சோப்புப் போட்டு, நுரை ஒரு துளி மிஞ்சாமல் அலசிய பிறகுதான் தொட்டியில் கால் வைக்கலாம். துண்டு நீரில் படக் கூடாது. மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்கிறார்கள். குளத்தில் இறங்குமுன் காலைக் கழுவு, நீரைத் தலையில் தெளித்துக்கொள் என்று நம் பெரியவர்கள் சொன்னதும் இதைத்தானே. அடுத்தவனும் இந்த நீரில்தான் இறங்கப் போகிறான்.

சுவர் முழுக்க ஃபியூஜி மலை ஓவியம். 1912-இல் டோக்கியோவின் கண்டா பகுதியில் ஒரு குளியல்வீட்டில் தொடங்கிய வழக்கமாம். இன்று இதை வரையத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1968-இல் நாடு முழுக்க 18,000 சென்தோ வரை இருந்தன. இப்போது 2,000-க்கும் கீழே. வீட்டுக்கு வீடு குளியலறை வந்தது, எரிபொருள் விலை ஏறியது, பிள்ளைகள் தொழிலை ஏற்கவில்லை. நம் ஊரில் குளத்தங்கரைகளும் கிணற்றடிகளும் வெறிச்சோடியதற்கும் பாதிக் காரணம் வீட்டுக் குளியலறைதான்.

எனக்கு இரண்டு முக்காலி தள்ளி ஐம்பது வயதுக்காரர் ஒருவர் தன் வயதான தகப்பனாருக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தார். தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை ஒரே இழுப்பு; பிறகு கிழவர் இடது கையைத் தானாகவே தூக்கிக் கொடுத்தார். அப்பாவும் அப்படித்தான் சொல்லாமலே கையைத் தூக்குவார். பாய்லர் வெந்நீரைப் பதம் பார்த்து, சீயக்காயைக் கரைத்து, கடைசி இரண்டு வருஷம் என் சனிக்கிழமைகள் அப்படிப் போயின. கண்ணை எடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழவர் கவனித்துவிட்டார். மிதந்து வந்த யுசு ஒன்றை என் பக்கம் மெல்லத் தள்ளிவிட்டார்.

நீர் 42 டிகிரி. கோடையில் எங்கள் ஊர் வெயில் தொடுகிற எண். வெயிலில் அது அடிக்கிறது. நீரில் அதே சூடு எலும்புவரை போய் உட்கார்ந்துகொள்கிறது.

டிசம்பர் 24. குசாட்சு

டோக்கியோவின் உயெனோ நிலையத்திலிருந்து இரண்டரை மணி நேர ரயில், பிறகு பஸ். 1,200 மீட்டர் உயரத்தில் பனி மூடிய ஊர். நடு ஊரில் 'யுபாட்டகே', வெந்நீர் வயல். பூமிக்குள்ளிருந்து பொங்கும் நீரை மரக் கால்வாய்களில் ஓடவிட்டு ஆற்றுகிறார்கள். கந்தக வாடை மூக்கில் ஏறுகிறது. மெய்ஜி காலத்தில் ஜப்பானில் வேலை பார்த்த ஜெர்மானிய மருத்துவர் எர்வின் பெல்ட்ஸ் இந்த நீரின் குணத்தை உலகுக்குச் சொன்னார்.

பச்சைத் தண்ணீர் கலந்தால் குணம் கெடும் என்பதால், ஆள் உயர மரப்பலகைகளால் நீரைப் புரட்டிப் புரட்டிச் சூட்டைக் குறைக்கிறார்கள். பெண்கள் வரிசையாக நின்று பாடிக்கொண்டே புரட்டும்போது எனக்கு ஏற்றப்பாட்டு நினைவு. பாட்டு இல்லாமல் அந்தப் பலகை புரளாது.

நீரின் அமிலத்தன்மை எலுமிச்சைச் சாற்றுக்குச் சமம். இது கலக்கும் ஆற்றில் மீன் வாழ்ந்ததில்லை, பாலத்துக் கான்கிரீட் அரிக்கும். அதனால் 1964 முதல் ராப்பகலாகச் சுண்ணாம்புக்கல் பொடியைக் கரைத்து ஆற்றில் விட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

"அர்ணாக்கொடிய கழட்டிடு, கறுத்துரும்" என்றான் நண்பன். கொக்கியில் கை வைத்தேன். அப்பா கட்டிவிட்ட நாளிலிருந்து கழற்றியதில்லை. இன்றும் கழற்ற மனம் வரவில்லை.

மரச்சுவர் வைத்த சின்னக் குளியலறை. இறங்குமுன் குனிந்து பின்தலையில் நீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும். பழைய முறைப்படி முப்பது தடவை. இறங்கினால் மூன்று நிமிஷம்தான். அசையாமல் இருந்தால் தாங்கலாம், அசைந்தால் சுடும். வெளியே வந்து பனியில் நின்றேன். உடம்பிலிருந்து ஆவி எழுந்தது, குளிரே தெரியவில்லை. நண்பனும் நானும் ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்து பார்த்தால் கொடி கரியாகக் கிடந்தது.

டிசம்பர் 31. திருத்தணி

நேற்று இரவு வந்து சேர்ந்தேன். இன்று படித் திருவிழா. வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்தது. வெள்ளைக்காரத் துரைக்கு வணக்கம் வைக்கும் புத்தாண்டை முருகனுக்கு வணக்கம் வைப்பதாக மாற்றினார். வருஷத்து நாட்களுக்கு 365 படி. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள், குங்குமம், கற்பூரம், திருப்புகழ். சூரனோடும் வேடரோடும் போரிட்ட சினம் தணிந்த இடம் என்பதால்தான் இது தணிகை.

விடியற்காலை கொல்லையில் பாய்லர் மூட்டிக் குளித்தேன். பிறகு திண்ணையில் உட்கார்ந்து கொடியைத் திருநீறு போட்டுத் தேய்த்தேன். மேல்பக்கம் வெளுத்தது. முறுக்குகளின் உள்ளே கறுப்பு அப்படியே இருந்தது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "ஆசாரிகிட்ட குடுத்தா மெருகு போட்டுக் குடுப்பாரு."

"இருக்கட்டும்மா" என்று கட்டிக்கொண்டு, மலையேறக் கிளம்பினேன்.