பிள்ளைச்சாவடிக்கு விடுமுறை, பொம்மையார்பாளையத்துக்குப் பள்ளிக்கூடம்

2023 மார்ச் 8, புதன்

தெருவில் எந்த வீட்டைத் தாண்டினாலும் இருமல் சத்தம். காய்ச்சல் மூன்று நாளில் இறங்கிவிடுகிறது, இருமல் மூன்று வாரமானாலும் விடுவதில்லை. இந்திய மருத்துவச் சங்கம் இந்த மாதத் தொடக்கத்தில் சொன்னதும் இதைத்தான். அசித்ரோமைசின், அமாக்ஸிகிளாவ் என்று ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளை வாங்கிப் போடாதீர்கள், வைரஸ் காய்ச்சலுக்கு அவை கேட்காது என்றும் சொல்லியிருந்தது. ஆனால் மருந்துக்கடையில் போய் நின்று "காய்ச்சலுக்கு ஒரு செட்டு குடுங்க" என்று கேட்பதுதான் ஊர்ப்பழக்கம். கடலுக்குப் போகாத நாள் கூலி இல்லாத நாள். நாளைக் காலை எழுந்து வலை இழுக்க வேண்டியவர் எதைக் கொடுத்தாலும் விழுங்குவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மார்ச் 10, வெள்ளி

இன்று தமிழ்நாடு முழுக்க 1,000 இடங்களில் காய்ச்சல் முகாம். மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் அறிவித்தபடி நடக்கிறது. கர்நாடகத்தில் ஒருவரும் ஹரியானாவில் ஒருவரும் எச்3என்2 என்ற ஃப்ளூ வகைக் காய்ச்சலால் இறந்ததை மத்திய அரசு உறுதிசெய்த செய்தியும் இன்றுதான் வந்தது. அதனால் முகாமில் பயந்த முகங்கள் அதிகம்.

நர்ஸம்மா பொறுமையாக விளக்கினார். லேசான காய்ச்சல், தொண்டை வலி என்றால் முதல் வகை: பரிசோதனை வேண்டாம், வீட்டில் ஓய்வு போதும். காய்ச்சல் கடுமையாக இருந்தாலோ, காய்ச்சல் கண்டவர் கர்ப்பிணி, முதியவர், சின்னக் குழந்தை, சர்க்கரை நோயாளி என்று இருந்தாலோ இரண்டாம் வகை: டாக்டர் பார்த்து ஓசல்டாமிவிர் கொடுப்பார். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம் என்றால் மூன்றாம் வகை: உடனே ஆஸ்பத்திரி, அங்கே பரிசோதனை. "இதுக்கு முன்னாடியே யாராவது இப்படிச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று வரிசையில் நின்ற ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி.

மார்ச் 15, புதன்

புதுச்சேரி சட்டமன்றத்தில் கல்வி அமைச்சர் நமச்சிவாயம் அறிவித்திருக்கிறார்: நாளை முதல் 26 வரை எட்டாம் வகுப்பு வரைக்கும் பள்ளிகளுக்கு விடுமுறை. போன செப்டம்பரிலும் பிள்ளைகளிடம் காய்ச்சல் பரவியபோது 17 முதல் 25 வரை இப்படித்தான் மூடினார்கள். தமிழ்நாட்டில் விடுமுறை இல்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊரின் இருப்பைச் சொன்னால்தான் சங்கடம் புரியும். பாண்டியிலிருந்து ஈசிஆரில் வடக்கே வந்தால் முத்தியால்பேட்டை முடிந்ததும் கோட்டக்குப்பம், தமிழ்நாடு. முதலியார்சாவடிகளும் எங்கள் பொம்மையார்பாளையமும் தமிழ்நாடு. அடுத்து பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு, மறுபடி புதுச்சேரி. அதையும் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. எங்களுக்கு வடக்கிலும் தெற்கிலும் இன்னொரு அரசு நடக்கிறது. வானூர் தாலுக்கா, விழுப்புரம் மாவட்டம் என்பது ரேஷன் அட்டையில் இருக்கிறது. உடம்புக்கு முடியவில்லை என்றால் கோரிமேட்டு ஜிப்மருக்கோ காலாப்பட்டுப் பக்கத்து மருத்துவக் கல்லூரிக்கோதான் ஓடுகிறோம்.

மார்ச் 16, வியாழன்

காலையில் எதிர்வீட்டுப் பெண் வாசலில் நின்று கேட்டாள்: "டீச்சர், பெரியவனுக்கு லீவாம், சின்னவனுக்கு இல்லையாம். ரெண்டும் ஒரே பாய்லதான் படுக்குதுங்க. பெரியவன் ராத்திரி பூரா இருமினான். சின்னவனை அனுப்பவா, வேணாமா?"

பெரியவன் பாண்டிப் பள்ளியில் ஆறாவது. சின்னவன் இங்கே மூன்றாவது. "அவனுக்குக் காய்ச்சல் இருக்காம்மா?" என்றேன். இல்லை என்றாள். "சாயங்காலம் உடம்பு சுட்டா நாளைக்கு அனுப்பாதே. இன்னிக்குப் போகட்டும்" என்றேன். ஆனால் காய்ச்சல் தெரிவதற்கு முந்தின நாளே இந்த வைரஸ் தொற்றத் தொடங்கிவிடும். அடுத்து ஐந்து ஏழு நாள், பிள்ளைகளிடம் அதற்கு மேலும் இருக்கும். அவள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் ஒரு வாத்தியாரிடம் கிடையாது. இரண்டு அரசுகளும் சேர்ந்து கொடுத்திருக்க வேண்டிய பதில் அது.

மூடியதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு இந்தக் காய்ச்சல் போய்ச்சேர மூன்று நாள் அளவில் ஆகிறது. பதினோரு நாள் பிள்ளைகள் பிரிந்திருந்தால் மூன்று சுற்றாவது அறுபடும். சின்ன அரசு என்பதால் சட்டமன்றத்தில் சொன்னது மறுநாளே நடந்துவிட்டது. அந்த வேகத்தை மதிக்கிறேன். ஆனால் பள்ளி மூடினால் மதியச் சாப்பாடும் மூடுகிறது. அம்மாவும் அப்பாவும் மீனோடு சந்தைக்குப் போய்விட்டால் பிள்ளை எங்கே இருக்கும்? பக்கத்து வீட்டில் ஆயாவின் மடியில் இருக்கும். எழுபதைத் தாண்டிய, சர்க்கரை உள்ள ஆயாவின் மடியில்.

மார்ச் 19, ஞாயிறு

ஒரு அரசு மூடுகிறது, பக்கத்து அரசு மூடவில்லை என்றதும் பழைய ஃப்ளூ கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. 1918 நவம்பர் 7. ஆக்லாந்திலிருந்து தலூன் என்ற கப்பல் மேற்கு சமோவாவின் ஆப்பியா துறைமுகத்துக்கு வந்தது. கப்பலில் காய்ச்சல்காரர்கள் இருந்தும் நியூசிலாந்து நிர்வாகம் இறங்க விட்டது. ஓரிரு மாதத்தில் அந்தத் தீவுகளின் மக்களில் ஐந்தில் ஒருவர் இறந்தார். பக்கத்திலேயே இருந்த அமெரிக்க சமோவாவில் ஆளுநர் ஜான் பாயர் கப்பல்களைத் தடுத்து நிறுத்தினார். அங்கே ஒருவரும் சாகவில்லை. 2002இல் நியூசிலாந்து பிரதமர் ஹெலன் கிளார்க் சமோவாவிடம் மன்னிப்புக் கேட்டார்.

சின்ன நாடு தன்னைக் காத்துக்கொள்ள முடியும் என்பதற்கு இதையே எல்லோரும் சொல்கிறார்கள். பாயருக்கு நாலு பக்கமும் கடல் இருந்தது. எங்களுக்குக் கடல் கிழக்கே மட்டும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு பேருந்து ஓடும் எல்லையில் தடுப்புப் போட முடியாது, போடவும் கூடாது. இங்கே செய்யக்கூடியது ஒன்றுதான்: கோட்டின் இரண்டு பக்கத்து டாக்டர்களும் ஒரே கணக்கைப் பார்ப்பது.

மார்ச் 22, புதன்

கணக்கு என்றதும் 79 நினைவுக்கு வருகிறது. மார்ச் 4 வரை புதுச்சேரியில் எச்3என்2 உறுதியானவர்கள் 79 பேர், இறப்பு இல்லை என்றார்கள். டீக்கடையில் "மொத்தமே 79 தானா, இதுக்கா பள்ளிக்கூடத்தை மூடினாங்க" என்று பேச்சு. முதல் வகைக்குப் பரிசோதனையே கிடையாதே. அந்த எண் பரிசோதிக்கப்பட்டவர்களின் எண். பாயில் படுத்தவர்களின் எண் இல்லை. எங்கள் தெருவில் படுத்தவர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

எதிர்வீட்டுச் சின்னவனுக்கு திங்கட்கிழமை காய்ச்சல் வந்தது. இன்று கிரிக்கெட் ஆடுகிறான். பக்கத்து வீட்டு ஆயாவுக்கு நேற்றிரவு மூச்சு வாங்கியதால் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். முதல் இரண்டு நாளுக்குள் கொடுத்தால்தான் ஓசல்டாமிவிர் நன்றாக வேலை செய்யும். ஆயாவுக்கு அது நான்காம் நாள். இந்தத் தெருவில் ஃப்ளூ தடுப்பூசி போட்ட முதியவர் யாரும் இல்லை. தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் அது கிடையாது, தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை ஊசியின் கலவையைத் திருத்திச் சொல்கிறது. அந்தக் கலவையில் எச்3என்2 வகையும் உண்டு. இவ்வளவும் உலகத்தில் இருக்கிறது, எங்கள் ஆயாவிடம் வந்து சேரவில்லை. எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 27, திங்கள்

பாண்டிப் பள்ளிகள் திறந்துவிட்டன. ஆயா வீடு திரும்பிவிட்டார். கஞ்சி குடிக்கிறார், எழுந்து நடக்கத் தெம்பில்லை.

மே 1 கிராம சபையில் கொடுக்க மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். வானூர் வட்டார மருத்துவ அலுவலரும் காலாப்பட்டுப் பக்கத்து அதிகாரியும் காய்ச்சல் காலத்தில் வாரம் ஒருமுறை எண்களைப் பகிர வேண்டும். பள்ளியை மூடுவதென்றால் பிள்ளைச்சாவடிக்கும் பொம்மையார்பாளையத்துக்கும் சேர்த்துப் பேசி முடிவெடுக்க வேண்டும். மூடும் நாட்களில் மதியச் சாப்பாடு வீட்டுக்கு வர வேண்டும். அறுபது தாண்டியவர்களுக்கு மழைக்காலத்துக்கு முன்பே தடுப்பூசி, அரசுச் செலவில். எதிர்வீட்டுப் பெண் மனுவை வாங்கிப் படித்துவிட்டு, மருந்துக்கடைக்காரர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் கொடுக்கக் கூடாது என்பதையும் சேர்க்கச் சொன்னாள். சேர்த்துவிட்டேன். முதல் கையெழுத்து அவளுடையது.