எலெஃப்சினா: கோதுமைக் கரையில் ஓர் ஊர்

குன்றின் பாறையைச் செதுக்கி எடுத்த படிகளில் காலை வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. ஏதென்ஸிலிருந்து ‘புனித வழி’ என்ற சாலையில் நடந்து வந்தவர்கள், பண்டைய கிரேக்கரின் தானியத் தெய்வமான தேமேத்தர் தேவியின் சடங்குக்காக இரவில் கூடிய மண்டபம் இது. உள்ளே கண்டதை வெளியே சொன்னால் மரண தண்டனை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நடந்த சடங்கு. அதன் உச்சத்தில் என்ன காட்டினார்கள் என்று இன்றும் யாருக்கும் தெரியாது. கூரை போய்விட்டது. தூண்களின் அடிக்கட்டைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் இடுக்கில் புல்.

நிமிர்ந்தால் வளைகுடா. எதிரே சலாமிஸ் தீவு கடலை மறித்துக் கிடக்கிறது. இரு முனைகளிலும் குறுகலான வாய். வெளிக்கடல் உள்ளே வருவது அவற்றின் வழியாகத்தான். தண்ணீர் அசைவதே இல்லையோ என்று தோன்றும். கோடையில் மேல்நீர் சூடேறி மூடிபோல நின்றுவிடுவதால் அடிநீரில் ஆக்சிஜன் வற்றிவிடும். அலை இல்லாத நீர் கப்பல்களுக்கு வசதி. வேலையற்ற கப்பல்கள் இங்கே வந்து நங்கூரமிட்டு, துருவேறி, சில அப்படியே மூழ்கியும் போயின. ‘மெடிட்டரேனியன் ஸ்கை’ என்ற பயணிகள் கப்பல் 2003 முதல் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. மேலே தெரியும் விலாவில் கடற்பறவைகள் உட்கார்ந்திருக்கின்றன.

மற்ற மூன்று பக்கமும் மலை. நடுவே தட்டையான திரியாசியோ சமவெளி. கிரேக்கர்களின் நம்பிக்கைப்படி, மனிதர் முதன்முதலில் தானியம் விதைத்த மண் இதுதான். அந்த நம்பிக்கை எளிதில் சாகவில்லை. 1801இல் எட்வர்ட் டேனியல் கிளார்க் என்ற ஆங்கிலேயர் இங்கிருந்த பெரிய பெண் சிலை ஒன்றைப் பெயர்த்துச் சென்றார். ஊரார் அந்தச் சிலையைச் சுற்றி எருவைக் குவித்து வைத்திருந்தார்கள். அது போனால் விளைச்சலும் போய்விடும் என்று அஞ்சித் தடுத்தும் பார்த்தார்கள். சிலை இன்று கேம்பிரிட்ஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் இணைச் சிலை மட்டும் இங்கே மிஞ்சியிருக்கிறது. கிளார்க் செய்தது களவு என்பதே என் கருத்து. அவரிடம் அரசு அனுமதி இருந்தது. ஆனால் அது அன்றைய துருக்கிய ஆட்சியாளர் கொடுத்தது, எரு சுமந்தவர்கள் கொடுத்ததல்ல.

படி இறங்கிக் கரைக்கு வந்தால் கல் கட்டடம் ஒன்று கூரையின்றி நிற்கிறது. 1875இல் தொடங்கிய சோப்பு ஆலை. சுவர்களுக்கு நடுவே இப்போது நாடக மேடை. பண்டைய கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸ் பிறந்த ஊர் அல்லவா, 1975 முதல் அவர் பெயரில் விழா நடக்கிறது. 2023இல் இவ்வூர் ஐரோப்பியக் கலாச்சாரத் தலைநகராகவும் இருந்தது.

தொழில் இங்கே குவிந்ததற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம், நின்ற இடத்திலிருந்தே தெரிகிறது. சமதளம். அலையற்ற துறை. சுண்ணாம்புக்கல் மலை. 1884இல் வந்த ரயில். 1902இல் கிரேக்கத்தின் முதல் சிமென்ட் ஆலையாக டைட்டன் இங்கே பிறந்தது. பிறகு மதுவடிப்பு ஆலைகள், வண்ணப்பூச்சு ஆலை. 1922இல் சின்ன ஆசியாவிலிருந்து துரத்தப்பட்டு வந்த அகதிகள் அந்த ஆலைகளுக்குக் கை கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் எஃகு ஆலை, கப்பல் கட்டும் தளம், 1972இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம். நகராட்சியின் மக்கள்தொகை 30,000 அளவில்தான். சுமந்ததோ ஒரு நாட்டின் தொழிலை.

காப்பிக்கடையில் முதியவர்கள் தாவ்லி என்ற பலகை ஆட்டம் ஆடுகிறார்கள். காய் பலகையில் விழும் சத்தம் மட்டும் கேட்கிறது. எஃகு ஆலையின் உலைகள் அணைந்துவிட்டன; சுத்திகரிப்பு நிலையத்தின் சுடர் பகலிலும் எரிகிறது. காற்று திரும்பும்போது எண்ணெய் வாடை வருகிறது. யாரும் தலை தூக்கவில்லை.

பதினொரு மணிக்கே தெரு வெறிச்சோடுகிறது. 1977 ஜூலை 10 அன்று இங்கே பதிவான வெப்பம் 48 டிகிரி செல்சியஸ். 2021இல் சிசிலி அதை முறியடிக்கும்வரை ஐரோப்பாவின் உச்ச வெப்பப் பதிவு அதுதான். மலைகளைத் தாண்டி இறங்கும் வடகாற்று சூடேறி வறண்டு வருகிறது. மழை ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர்கூடத் தேறாது. ஆனால் பெய்தால் கொட்டும். 2017 நவம்பர் 15 அன்று பதேரா மலையில் கொட்டிய மழை பக்கத்து ஊரான மாண்ட்ராவுக்குள் பாய்ந்து 20க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. ஓடைகளின் வழியில் கட்டடம் எழுப்பியிருந்தார்கள். தண்ணீர் தன் வழியில்தான் வந்தது.

அதே நவம்பரில்தான் இவ்வூரின் அழகான நாளும் வருகிறது. சடங்கு மண்டபத்துக்கு மேலே, குன்றின் உச்சியில் சின்ன மாதா கோயில். ‘விதைப்புக்கால மாதா’ என்று பெயர். 20ஆம் தேதி மாலை, ஊர்ப் பெண்கள் வேகவைத்த கோதுமை, கொண்டைக்கடலை, பயறுகளைக் கலந்து ஏனங்களில் சுமந்து ஏறுகிறார்கள். ரொட்டியும் கொண்டுவருகிறார்கள். பாதிரியார் ஆசீர்வதித்ததும் எல்லோருக்கும் பங்கு. விதைத்த வயல் பெரும்பாலும் இன்று ஆலை வளாகமாகிவிட்டது, படையல் நிற்கவில்லை. தேமேத்தர் கோயிலை மூடி ஆயிரத்து அறுநூறு ஆண்டுகள் ஆன பிறகும் அந்தக் குன்றுக்குத் தானியம் போய்க்கொண்டிருக்கிறது. இவ்வூரில் வேறெதுவும் எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரியவில்லை.

ஏதென்ஸின் அடுக்குமாடிகளுக்குச் சிமென்ட்டும் கம்பியும், வண்டிகளுக்கு எண்ணெயும் இந்தக் கரை கொடுத்தது. புழுதியையும் கழிவையும் தானே வைத்துக்கொண்டது. கிடக்கும் கப்பல்களை முழுவதுமாக அகற்றி, வளைகுடாவின் அடிமண்ணைத் தூய்மைப்படுத்த வேண்டும். அந்தச் செலவை இந்த 30,000 பேர் தலையில் கட்டக் கூடாது. இந்த ஆலைகளால் வாழ்ந்த ஏதென்ஸும் கிரேக்க அரசும் ஏற்க வேண்டும்.