வளருற பிள்ளைக்குப் பெரிய சப்பாத்தா?

"வளருற பிள்ளை, கொஞ்சம் பெரிசாய் எடுங்கோ. அடுத்த வருசமும் போடலாம்."

இப்படிச் சொல்லாத தாய்மார் நம்மில் எத்தனை பேர்? பள்ளிக்கூடச் சட்டை, சப்பாத்து எல்லாவற்றையும் என் அம்மா எனக்கு அப்படித்தான் வாங்கித் தந்தார். நானும் என் மகளுக்கு அப்படியே வாங்கினேன். சட்டைக்கு அந்தக் கணக்குச் சரி. பனிச்சறுக்குச் சப்பாத்துக்கு அது சரிவராது என்பதை, என் மகள் இரண்டு கால் நகங்களைப் பறிகொடுத்த பிறகுதான் நான் அறிந்துகொண்டேன்.

நாங்கள் சுவிஸில் இருக்கிறோம். இங்கே மாசி மாதமளவில் பல பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை ஒரு கிழமைக்கு மலைக்குக் கூட்டிப்போகும். அங்கே ஒரு வீட்டில் எல்லோரும் சேர்ந்து தங்கி, பகலில் பனிச்சறுக்குப் பழகுவார்கள். 'ஸ்கி லாகர்' என்று பெயர். வெயிலையும் மழையையும் மட்டும் கண்டு வளர்ந்த எனக்கு, பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சாமான் பட்டியலைப் பார்த்ததும் தலை சுற்றியது. தொப்பி, கையுறை, கண்ணாடி, தலைக்கவசம், ஸ்கிப் பலகை, அதற்கென்று தனிச் சப்பாத்து!

பனிக்காலம் தொடங்கமுதல் இங்கே ஊர் மண்டபங்களில் பழைய விளையாட்டுச் சாமான்கள் விற்கும் சந்தை நடக்கும். அங்கே 25 பிராங்குக்கு ஒரு சோடி சப்பாத்துக் கிடைத்தது. 26.5 என்று அதில் இருந்தது. அது என்ன கணக்கென்று எனக்குத் தெரியாது. மகள் காலை விட்டுப் பார்த்து, "அம்மா, உள்ளுக்கை கால் ஆடுது" என்றாள். "இரண்டு சோடி கம்பளி மேஸ் போட்டால் நிறைஞ்சிடும். மூன்று வருசம் பாவிக்கலாம்" என்று நானே தீர்ப்புச் சொல்லி, காசையும் கொடுத்துவிட்டேன். நல்ல லாபம் என்று வரும் வழியெல்லாம் மனதுக்குள் பெருமை வேறு.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளை போனாள். செவ்வாய் இரவு தொலைபேசி வந்தது. "அம்மா, கால் சரியாய் நோகுது. அப்பாவை வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கோ" என்று அழுதாள். முதல் தடவையாக வீட்டை விட்டுப் போன பிள்ளை. வீட்டு நினைவில்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். "மற்றப் பிள்ளைகள் எல்லாம் நிக்குதுகள்தானே. சும்மா சாட்டுச் சொல்லாதை" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதன் பிறகு அவள் தொலைபேசி எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நொண்டிக்கொண்டு வந்தாள். மேஸைக் கழற்றிப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்திருந்தன. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு நெடுகச் சிவப்பும் நீலமுமாய்க் கன்றியிருந்தது. நகத்துக்குக் கீழே இரத்தம் கட்டியிருக்கிறது, நகம் தானாகவே விழும், இழுக்கக்கூடாது என்று வைத்தியர் சொன்னார். பங்குனியில் இரண்டு நகங்களும் விழுந்தன. நான் சொன்ன 'சாட்டு' என்ற சொல் மட்டும் எனக்குள் கிடந்தது.

அடுத்த பனிக்காலம் வந்ததும், "நான் லாகருக்குப் போகமாட்டேன்" என்று அவள் ஒரே பிடியாய் நின்றாள். "உமக்கும் எனக்கும் இந்தச் சப்பாத்தைப் பற்றி என்ன தெரியும்? தெரிஞ்ச ஆக்களிட்டைக் கேட்பம்" என்றார் என் கணவர். பழைய சப்பாத்தையும் தூக்கிக்கொண்டு, பக்கத்து நகரத்தில் ஸ்கிச் சாமான்கள் விற்கும் ஒரு சின்னக் கடைக்குப் போனோம்.

கடையில் தலை நரைத்த ஓர் அம்மா இருந்தார். நான் சொல்லத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, மகளிடம், "உனக்கு எங்கே நோகுது?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியை நான் கேட்கவேயில்லை.

ஸ்கிச் சப்பாத்து இரண்டு பகுதியாய் இருக்கும். வெளியே கடினமான பிளாஸ்டிக் கூடு. உள்ளே மெத்தென்ற ஒரு பை. அந்த அம்மா உள்பையை இழுத்து எடுத்துவிட்டு, வெறும் கூட்டுக்குள் மகளின் காலை விடச் சொன்னார். விரல்கள் முன்பக்கம் மெல்லத் தொட நின்றபடியே, குதிக்காலுக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று விரல்களை விட்டுப் பார்த்தார். மூன்று விரல் தாராளமாய்ப் போனது. "ஒரு விரலுக்கும் இரண்டு விரலுக்கும் இடையில் இருக்கவேண்டும். வளரும் பிள்ளைக்கும் அதற்கு மேல் கூடாது" என்றார்.

பெரிய சப்பாத்து ஏன் நோகவைக்கிறது? அவர் விளக்கியது இதுதான். கால் உள்ளே வழுக்கும். சரிவில் இறங்கும்போது ஒவ்வொரு தடவையும் விரல் முன்சுவரில் போய் அடிக்கும். அதனால்தான் நகம் கறுக்கிறது. வழுக்காமல் இருக்கப் பிள்ளை பக்கிளை இறுக்கும். இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து கால் விறைக்கும். இரண்டு மேஸ் போட்டால் மடிப்பு விழுந்து இன்னும் அழுத்தும், வியர்வை ஊறிக் குளிரும். ஆகவே, இறுக்கமாய் இருக்கிறது, நோகிறது என்று பிள்ளை சொன்னால் சப்பாத்துச் சின்னது என்று நினைத்துவிடாதீர்கள். பெரிதாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லும்.

எனக்கு ஊர்ப் பலகார ஞாபகம்தான் வந்தது. பேணிக்குள் நாலு பயற்றம் பணியாரத்தைப் போட்டு அனுப்பினால் போய்ச் சேரமுதல் தூளாகிவிடும். நெருக்கி அடுக்கினால் ஒன்றும் உடையாது. அதே கணக்குத்தான்.

முந்தின காலத்தில் தோல் சப்பாத்தைக் கயிற்றால் கட்டித்தான் சறுக்கினார்களாம். 1960களில் பொப் லாங்கே என்ற அமெரிக்கர் பிளாஸ்டிக் சப்பாத்தைக் கொண்டுவந்தார். தோல் காலுக்கு ஏற்ப இளகும். பிளாஸ்டிக் இளகாது. உள்பைதான் பாவிக்கப் பாவிக்க அமுங்கி இடம் கொடுக்கும். அதனால் புதிதில் கை குலுக்கும்போது பிடிப்பது போன்ற ஓர் இறுக்கம் இருக்கவேண்டும்.

அளவு எடுப்பது மிகச் சுலபம். சப்பாத்தில் இருக்கும் எண் பாதத்தின் நீளம், சென்ரிமீற்றரில். குதிக்கால் சுவரில் முட்டக் காகிதத்தின் மேல் நின்று, நீளமான விரலின் நுனியில் கோடு போட்டு அளந்தால் போதும். இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுங்கள். என் மகளின் கால் 24. நான் வாங்கியதோ 26.5! அரை எண்ணைப் பார்த்தும் ஏமாறக்கூடாது. 24, 24.5 இரண்டுக்கும் பெரும்பாலும் வெளிக்கூடு ஒன்றுதான்.

24 போட்டதும் மகள், "அம்மா, விரல் முட்டுது" என்றாள். "அப்ப அடுத்த அளவைத் தாருங்கோ" என்று சொல்ல வாயெடுத்தேன். கடைக்கார அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மகளை முழங்காலை முன்னுக்கு மடித்து நிற்கச் சொன்னார். குதிக்கால் பின்னுக்குப் போய் உட்கார்ந்தது, விரல் விலகிக்கொண்டது. நேரே நிற்கும்போது மெல்லத் தொடுவதும், மடிக்கும்போது விலகுவதும்தான் சரியான அளவாம். கால் மணித்தியாலம் போட்டபடியே கடைக்குள் நடக்கவிட்ட பிறகுதான் தந்தார். விலைக்கு வாங்காமல் அந்தப் பனிக்காலத்துக்கு வாடகைக்கு எடுத்தோம். இடையில் கால் வளர்ந்தால் மாற்றித் தருவதாகவும் சொன்னார். வளருகிற பிள்ளைக்கு உண்மையான சிக்கனம் இதுதான்.

அன்று கேட்டறிந்ததையும் பிறகு அனுபவத்தில் கண்டதையும், மலை நாடுகளில் பிள்ளை வளர்க்கும் சகோதரிகளுக்காக எழுதுகிறேன்.

விரல் நுனி நொந்தால்: முதலில் நகம் வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். முழங்காலை மடித்தபின்னும் விரல் நசிந்தால் சப்பாத்துச் சின்னது. சறுக்கி இறங்கும்போது மட்டும் அடித்தால் பெரியது.

முன்னெலும்பு நொந்தால்: காற்சட்டையின் கீழ்ப்பக்கத்தைச் சப்பாத்துக்குள் செருகியிருப்பார்கள். உள்ளே ஒரேயொரு மெல்லிய நீள மேஸைத் தவிர வேறொன்றும் போகக்கூடாது. மேல்பக்கிள் தளர்வாய் இருந்தாலும் எலும்பு அடிபடும்.

கணுக்கால் மொழி, பாதத்தின் பக்கம் நொந்தால்: அந்த இடத்தில் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி வெளியே தள்ளிக் கொடுப்பார்கள். தெரிந்த கடையில்தான் செய்யவேண்டும். அகலப் பாதத்துக்கென்று வேறு சப்பாத்துகளும் உண்டு.

உள்ளங்கால் பிடித்து இழுத்தால்: பாத வளைவுக்குத் தாங்கல் இல்லை. நல்ல அடித்தட்டு ஒன்று வைத்தால் குறையும். நடுப்பக்கிளின் இறுக்கத்தையும் பாருங்கள்.

கெண்டைச்சதை நசிந்தால்: பெண்களுக்குக் கெண்டைச்சதை கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். மேல்விளிம்பு தாழ்ந்த பெண்கள் சப்பாத்தைக் கேளுங்கள்.

குளிர்ந்து விறைத்தால்: பக்கிளைத் தளர்த்தவேண்டும். இழுவைக் கதிரையில் மேலே போகும்போதும் சாப்பாட்டு நேரத்திலும் தளர்த்தப் பழக்குங்கள். காலையில் உலர்ந்த மேஸ் போடவேண்டும். இரவில் உள்பையைக் காயவிடுங்கள், ஆனால் ஹீற்றருக்கு மேல் வைக்காதீர்கள். சப்பாத்தைக் காருக்குள் விட்டால் குளிரில் பிளாஸ்டிக் கல்லாகிவிடும். சூடான அறையில் வைத்துப் போட்டால் கால் சுலபமாய்ப் போகும். விறைப்பு நெடுநேரம் போகாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று முக்கியம். சப்பாத்தை மாற்றினால், ஸ்கியில் அதைப் பிடித்து வைத்திருக்கும் கொளுவியையும் கடையில் சரிசெய்ய வேண்டும். விழும்போது அது கழன்றால்தான் கால் தப்பும். பிள்ளையின் நிறை, உயரம், வயது, சப்பாத்தின் அடி நீளம் எல்லாம் பார்த்து அதை அமைப்பார்கள். ஒவ்வொரு வருடமும் சோதிப்பது நல்லது.

வீட்டிலேயே போட்டுப் பழக்கினேன். எல்லாப் பக்கிளையும் திறந்து, நாக்கை இழுத்து, காலை விட்டு, குதிக்காலை நிலத்தில் இரண்டு தரம் தட்டவேண்டும். முதலில் மேல் பக்கிள்கள், பிறகு முழங்காலை மடித்துப் பார்த்து, விரல் பக்கப் பக்கிள்களைப் பட்டும் படாமலும். ஒரு கிழமையாய் மாலையில் அவள் 'டக்கு டக்கு' என்று விறாந்தையில் நடந்தாள். கீழ்வீட்டு அம்மா பொறுத்துக்கொண்டார். ஒரு தட்டு ரோல்ஸ் கொடுத்துச் சமாளித்தேன்.

மாசியில் மறுபடி லாகர். ஞாயிற்றுக்கிழமை அரை மனதோடுதான் போனாள். செவ்வாய் இரவு தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். வரவில்லை. புதனும் வரவில்லை. "இஞ்சேருங்கோ, பிள்ளை எடுக்கேல்லை" என்றேன். "எடுக்காட்டி நல்லதுதானே, படும்" என்றார் கணவர். எனக்கு நித்திரை வரவில்லை. போன வருடமும் செவ்வாய்க்குப் பிறகு அவள் எடுக்கவில்லைத்தானே!

வெள்ளிக்கிழமை கதவைத் திறந்ததும், "வாம்மா, மேஸைக் கழற்று" என்றேன். "முதல் சாப்பாடு தாங்கோம்மா" என்று சிரித்தபடி காலை நீட்டினாள். விழுந்த நகங்கள் திரும்ப வளர்ந்து, நுனியில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கறுப்பு ஒன்றும் இல்லை. வலது கணுக்காலில் மட்டும் ஒரு சின்னச் சிவப்பு.

"இது எப்ப இருந்து நோகுது?" என்று கேட்டேன். சொல்லத் தொடங்கினாள். சோறு போடமுதல் முழுவதையும் கேட்டேன்.