நாராவில் இரண்டு கோபுரங்கள் (ஜப்பான் பயணத் தொடர் – 3)

கியோட்டோவிலிருந்து ரயிலில் தெற்கே வந்து நிஷினோக்யோ நிலையத்தில் இறங்கினால் யாகுஷிஜி கோயில் கூப்பிடு தூரம்தான். எங்கள் குறுகிய காலப் படிப்பில் இந்த வாரம் மரக் கட்டடக்கலை. நோட்டும் பென்சிலுமாக முற்றத்தில் உட்கார்ந்துவிட்டோம்.

கிழக்கே நிற்கும் கோபுரம் 730-இல் எழுந்தது. மேற்கே இருந்தது 1528-இல் போரில் எரிந்துபோனது. இப்போது நிற்பது 1981-இல் கட்டியது. இரண்டும் மூன்று நிலைதான். ஒவ்வொரு நிலைக்கும் கீழே சிறிய துணைக்கூரை ஓடுவதால் ஆறு நிலை போலத் தெரிகிறது. பழையது வெயிலும் மழையும் தின்ற சாம்பல் நிறம். புதியது சிவப்பும் பச்சையும் வெள்ளையுமாகக் கண்ணைப் பறிக்கிறது.

வரைய ஆரம்பித்தபோதுதான் கவனித்தேன், மட்டம் ஒத்துவரவில்லை. புதிய கோபுரம் ஏறத்தாழ ஓர் அடி கூடுதல் உயரம். அதைக் கட்டிய தலைமைத் தச்சர் நிஷியோகா த்சுனெகாசு (1908–1995) தெரிந்தேதான் அப்படிச் செய்தார். மரம் வற்றும், பாரத்தில் அமரும். பல நூற்றாண்டுகள் போனால் பழைய கோபுரத்தின் மட்டத்துக்கு அது இறங்கிவரும் என்பது அவர் கணக்கு. இரும்பைச் சேர்த்தால் மரத்தின் ஆயுள் குறையும் என்று அறிஞர்களோடு மல்லுக்கு நின்றவர். பழைய கோபுரத்தையும் 2009-இல் தொடங்கிய திருப்பணியில் பிரித்து, உளுத்த இடத்துக்கு மட்டும் புதுமரம் கோத்து, திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள்.

தச்சனின் பெயரைப் போற்றுவது எங்கள் திருவொற்றியூருக்கும் பழக்கம்தான். தியாகராசர் கோயிலில் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கருங்கல் விமானம், தூங்கானை மாட வடிவில், முதுகு வளைந்து நிற்கிறது. அதைக் கட்டியவன் இரவி என்ற வீரசோழத் தச்சன் என்று கல்வெட்டே சொல்கிறது. ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் அவன் பெயர் நமக்குத் தெரிகிறது.

காசிமேட்டில் விசைப்படகைக் கரையேற்றி வேலை பார்க்கும் தச்சர்களின் பெயரை யார் எழுதி வைத்தார்கள்? சின்ன வயதிலிருந்து அவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். உளுத்த பலகையை மட்டும் உருவுவார்கள். அதே வளைவுக்குப் புதுப்பலகையைச் செதுக்கி, வைத்துப் பார்த்து, எடுத்து, மறுபடி இழைத்துப் பொருத்துவார்கள். சந்தில் பஞ்சுத்திரியை உளியால் அடித்து இறக்குவார்கள். ஃபைபர் படகு வந்தபின் அவர்களுக்கு வேலை குறைந்துவிட்டது. அதே சமயம் ராயபுரத்துப் பழைய வீடுகளில் தேக்கு உத்தரம் ஒன்று உளுத்தால், பார்க்க ஆள் இல்லை என்று சொல்லி வீட்டையே இடிக்கிறோம். ஆள் இருக்கிறார், இரண்டு தெரு தள்ளி. அவரைக் கூப்பிட்டுக் கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. ஊர் திரும்பியதும் என் முதல் வேலை அதுதான்.

அதற்கு முன் கோபே போக வேண்டும். வழக்கொழிந்துபோன ஈட்டி வடிவ இழைப்புளி ஒன்றை நிஷியோகா மீட்டெடுத்து வேலைக்குக் கொண்டுவந்தார். அது போன்ற கருவிகளுக்கென்றே அங்கே தகெனகா அருங்காட்சியகம் இருக்கிறது. அடுத்த வாரம் அங்கே.