அப்பாவும் 18 இன்ச் ஸ்பீக்கரும்

ஆடி மாதம். எங்கள் அயனம்பாக்கத்து அம்மன் கோயிலில் காலையில் கூழ்; இரவில் இன்னிசைக் கச்சேரி. கூழோடு எனக்குத் தகராறு எதுவும் இல்லை. கச்சேரி ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம் எங்கள் வீட்டு ஷோகேஸில் இருந்த பீங்கான் யானை, யாரும் தொடாமலே நடக்க ஆரம்பித்தது. விளிம்பு வரை வந்து கீழே எட்டிப் பார்த்தது. பாய்ந்து பிடித்தேன்.

"போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க" என்றாள் மனைவி. எங்கள் வீட்டில் 'ஒரு வார்த்தை' என்றால் ஒரு சண்டை என்று அர்த்தம். லுங்கியோடு போனால் சண்டைக்கு மரியாதை இருக்காதே! பேன்ட் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மேடைக்கு முன்னால் பீரோவைப் படுக்கவைத்த மாதிரி நாலு கறுப்புப் பெட்டிகள். சப்-ஊஃபராம். மிக்ஸர் முன்னால் இருந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும்.

"தம்பி, இந்தப் பெட்டியைக் கொஞ்சம் ஏரிப் பக்கம் திருப்பி வையேன்."

"சப்புக்கு முகமே கிடையாது சார். எப்படித் திருப்புனாலும் எல்லாப் பக்கமும் போவும். அப்புறம், இது வெறும் சத்தம் இல்ல... ஆழம்!"

நான் பி.காம். பிசிக்ஸோடு எனக்கிருந்த உறவு பத்தாம் வகுப்பிலேயே சுமுகமாக முறிந்துவிட்டது. பையன் விடவில்லை. பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில் பாடம் எடுத்தான்.

மனிதக் காது கேட்பது வினாடிக்கு 20 அதிர்விலிருந்து 20,000 வரை. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி, வினாடிக்கு 41 தடவைதான் அதிர்கிறது. அந்த ஒலி அலையின் நீளம் சுமார் 27 அடி! 1,000 அதிர்வுள்ள ஒலியின் அலையோ ஏறக்குறைய ஒரே அடி. ஒரு அடிக்காரனை, முன்னால் நிற்கும் குண்டு ஆசாமியே மறைத்துவிடுவார். 27 அடிக்காரன் சுவரையும் சட்டை செய்யாமல் வளைந்து வந்து யானையைத் தள்ளுவான்.

சரி, எதற்கு இத்தனை பெரிய பெட்டி? ஆழமான ஒலிக்கு நம் காது கொஞ்சம் மந்தம். தவிர, ஒலியின் அளவு குறையாமல் ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால், ஸ்பீக்கரின் கோன் முன்னும் பின்னும் நாலு மடங்கு தூரம் ஆட வேண்டும். இரண்டு ஸ்தாயி இறங்கினால் பதினாறு மடங்கு. மீட்டர் வட்டிகூட இப்படி ஏறாது, ஸார்! அதனால்தான் 18 இன்ச் ஸ்பீக்கர்.

வேப்பமரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கரில் இந்த ஆழம் கிடையாது. பாக்கெட் ரேடியோவிலும் கிடையாது. அப்படியும் பாட்டு புரிகிறதே? விட்டுப்போன அடி ஸ்வரத்தை, அதற்கு மேலே ஒலிக்கும் துணை ஸ்வரங்களை வைத்து மூளையே யூகித்துப் போட்டுக்கொள்கிறதாம். இது மட்டும் எனக்குப் பளிச்சென்று புரிந்தது. ட்ரையல் பேலன்ஸ் டேலியாகாதபோது நாங்கள் போடுவோமே, சஸ்பென்ஸ் அக்கவுண்ட்! கணக்கு டேலியாகிவிடும், கல்லாவில் காசு இருக்காது. அந்த மாதிரி பேஸ் காதுக்குத் தெரியும். நெஞ்சுக்கு வராது.

'அதெல்லாம் சரிப்பா, கொஞ்சம் குறை' என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் பார்த்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார் என் அப்பா.

'அன்னக்கிளி' வந்த 1976-ல் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தவர். முப்பத்தைந்து வருஷம் தகடு அடிக்கும் பிரஸ் பக்கத்தில் நின்றார். காதில் பஞ்சுகூட வைத்ததில்லை. இரைச்சல் முதலில் தின்பது 4,000 அதிர்வு பக்கத்துக் காதை. 'ச', 'ஸ' மாதிரி எழுத்துகளின் கூர்மை எல்லாம் அந்த மேல்தட்டில்தான் இருக்கிறது. "சாப்டீங்களாப்பா?" என்று கேட்டால் "பூட்டிட்டேன்டா" என்பார். நாங்கள் சிரிப்போம். அவரும் சிரிப்பார். கொஞ்ச நாளில் டி.வி. பார்ப்பதை விட்டார். பாட்டு கேட்பதை விட்டார். பிறகு பேசுவதையும் குறைத்துக்கொண்டார். வயசாகிவிட்டது, சாந்தமாகிவிட்டார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

இப்போது அவருடைய உள்ளங்கை அந்தக் கறுப்புப் பெட்டியின் மேல் இருந்தது. விரல்கள் தாளம் போட்டன. என்னைப் பார்த்ததும் பக்கத்து சேரைக் காட்டினார்.

"ராஜா பாட்டுடா!" என்றார், தெருவுக்கே கேட்கிற மாதிரி. "பேஸ் கிட்டார் எப்படிப் பேசுது பாரு! இதையெல்லாம் டீக்கடை வாசல்ல நின்னு கேப்போம்..."

அவர் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசி எத்தனை வருஷமாயிற்று! நானும் பெட்டி மேல் கை வைத்தேன். அதிர்வு முழங்கை வழியாக ஏறி நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்தது. மேல்தட்டு போனால் என்ன, கீழ்த்தட்டு அவருக்கு பத்திரமாக இருக்கிறது. அங்கே அவரோடு பேசத்தான் எங்கள் யாருக்கும் குரல் இல்லை.

"சார், கொறைக்கட்டுமா?" என்றான் பையன்.

"எத்தனை மணி வரைக்கும்?"

"ரூல்படி பத்துக்கு நிறுத்திடுவோம் சார்."

"அதுவரைக்கும் இருக்கட்டும்ப்பா."

பத்தேகாலுக்கு நானும் அப்பாவும் வீடு திரும்பினோம். மனைவி பீங்கான் யானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"ஒரு வார்த்தை சொன்னீங்களா, இல்லையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா உற்சாகமாகப் பதில் சொன்னார்.

"பூட்டிட்டேம்மா!"